சோற்றுக்காகவே போக வேண்டிய கடை

கொரியாவில் சாப்பாட்டுக் கடையைப் பற்றி யார் எழுதினாலும் இறைச்சி, கிம்ச்சி (காரம் போட்டுப் புளிக்கவைத்த முட்டைக்கோஸ்), சூப் என்றுதான் எழுதுகிறார்கள். நான் எழுத உட்கார்ந்திருப்பது ஒரு கடையின் சோற்றைப் பற்றி. இரண்டு வருடமாக லேபிலிருந்து மதியம் நடந்து போய்ச் சாப்பிடும் கடை. சுவோன் நகரில், சுங்க்யுன்க்வான் பல்கலைக்கழக ஸ்டேஷன் பக்கத்துச் சந்து ஒன்றில் ஆறே மேசைகள். கண்ணாடிக் கதவில் 'பெக்பான்' என்று மட்டும் ஒட்டியிருக்கும்.

பெக்பான் என்றால் வெள்ளைச் சோறு. ஆனால் வருவது முழுச் சாப்பாடு: சோறு, சோயா விழுது கரைத்த சூப், கிம்ச்சி, சோயா முளைப்பயறு, கீரை, டோஃபு என்கிற சோயா கட்டி, ஒரு துண்டு வறுத்த மீன். விலை 9,000 வோன். இந்தப் பெயரில் உள்ள 'பான்' சீனத்திலிருந்து வந்தது. வீட்டிலும் தெருவிலும் புழங்கும் சொந்தச் சொல் 'பாப்'. கிம்பாப், பிபிம்பாப் என்று நமக்குப் பழகிய பெயர்களின் வாலில் இருப்பது அதுதான். சோற்றுக்கும் பாப், சாப்பாட்டுக்கும் பாப்.

முதல் நாள் நான் போனபோது மணி மூன்று, கடைக்கு ஓய்வு நேரம். கடைக்கார அம்மா கதவைப் பாதி திறந்து, "பாப் மொகொஸ்ஸோ?" என்றார். சாப்பிட்டாயா? எங்கள் ஊரில் வாசலில் வந்து நிற்பவரிடம் முதலில் கேட்கும் கேள்வி. இன்னும் இல்லை என்றேன். அணைத்த அடுப்பை மறுபடி பற்றவைத்தார். அவரை எல்லோரும் 'இமோ' என்பார்கள். அம்மாவின் அக்கா தங்கையைக் கூப்பிடும் முறை அது. அவருக்கு நான் 'ஹக்செங்', அதாவது மாணவன்.

இனி சோறு. பல கடைகளில் காலையிலேயே எவர்சில்வர் கிண்ணங்களில் சோற்றைப் போட்டு மூடி, சூட்டுப் பெட்டியில் அடுக்கிவிடுவார்கள். இரண்டு மணிக்குப் போனால் கட்டியாகி, லேசாக மஞ்சள் தட்டி, ஒரு மக்கல் வாசம் அடிக்கும். இமோ கடையில் அந்தப் பெட்டியே கிடையாது. பதினொரு மணியிலிருந்து மூன்று தடவை சோறு ஆக்குவார். மூடியைத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும். பருக்கை பருக்கையாகப் பளபளக்கும், ஒன்றோடொன்று ஒட்டும், ஆனால் குழையாது. முதல் வாய் சோற்றைத் தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாமல் சாப்பிடுங்கள். மெல்ல மெல்ல இனிக்கும்.

அந்தக் கிண்ணத்துக்கும் ஒரு கதை உண்டு. 10.5 சென்டிமீட்டர் அகலம், 6 சென்டிமீட்டர் உயரம். 1970களில் அரிசி போதாமல் அரசு சிக்கனம் பிடித்தபோது வகுத்த அளவு. 1970இல் ஆளுக்கு வருடம் 136 கிலோ அரிசி சாப்பிட்ட நாடு, 2023இல் சுமார் 56 கிலோதான் சாப்பிட்டது. கிண்ணம் மட்டும் அப்படியே நிற்கிறது. கூடுதல் கிண்ணத்துக்கு 1,000 வோன். வாடிக்கைக்காரர்களிடம் இமோ வாங்குவதில்லை.

அக்டோபரில் கதவில் இன்னொரு காகிதம் ஏறும்: 'ஹெப்ஸால்பாப்'. இந்த வருடம் அறுத்த புது அரிசிச் சோறு. எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. நெல்லுக்கு 'ப்யொ', அரிசிக்கு 'ஸால்', சோற்றுக்கு 'பாப்'. ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிற மூன்றுக்கும் நம்மைப் போலவே மூன்று சொல். சரி, 'ஹெ' என்றால் வருடம், 'ஸால்' என்றால் அரிசி. நடுவில் அந்த 'ப்' எங்கிருந்து வந்தது? பதினைந்தாம் நூற்றாண்டில் கொரிய மொழியின் ஹங்குல் எழுத்து பிறந்தபோது எழுதிய நூல்களில் அரிசிக்கான சொல் 'ப்ஸால்' என்பதுபோல, முன்னால் ஒரு 'ப்' வைத்துத்தான் இருக்கிறது. தனிச்சொல்லில் அந்த ஒலி உதிர்ந்துவிட்டது. கூட்டுச்சொல்லில் முந்தைய அசையின் காலைப் பிடித்துக்கொண்டு தப்பிவிட்டது. தினை அரிசி 'ஜோப்ஸால்' ஆவதும் இப்படித்தான். ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய ஒலியொன்று ஒரு சந்துக்கடைக் கதவில் ஒட்டியிருக்கிறது என்று தெரிந்த அன்று, அந்தக் காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பாப் எங்கெல்லாம் போகும் என்று எனக்குக் காட்டியதும் இந்த ஆறு மேசைகள்தான். பக்கத்து மேசையில் வேலை போன ஒருவர், 'பாப்ஜுல்' அறுந்துவிட்டது என்றார். சோற்றுக் கயிறு. சோற்றில் மண் விழுந்தது என்போமே, அந்த வலி. ஆட்டத்தில் சுலபமாகத் தோற்பவன் எதிராளிக்கு 'பாப்'. மரம் அறுத்தால் உதிரும் தூள், ரம்பத்தின் பாப். ஒருநாள் இமோ நாற்காலியில் ஏறி, சுவரில் இருந்த பழைய ஊசல் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டே, "கடிகாரத்துக்கு பாப் போடணும்" என்றார். வயதில் பெரியவர் வந்தால் மட்டும் அதே சோறு 'ஜின்ஜி' ஆகிவிடும். அரசர்கள் இருந்த காலத்தில் அவர்களுக்கு அது 'சுரா', முன்னோர் படையலில் 'மே'.

படையல் என்றதும் ஒரு எச்சரிக்கை. ஸ்பூனைச் சோற்றில் செங்குத்தாக நட்டு வைக்காதீர்கள். இறந்தவர்களுக்குப் படைக்கும்போது செய்வது அது. நான் ஒருமுறை தெரியாமல் நட்டேன். இமோ ஒன்றும் சொல்லவில்லை. வந்து மெல்ல எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

குறைகளும் உண்டு. மீனில் உப்பு தூக்கல். பன்னிரண்டரைக்குத் தனியாகப் போனால் இடம் கிடைப்பது கஷ்டம், ஒரு மணிக்கு மேல் போங்கள். சைவம் சாப்பிடுபவர்கள் சூப்பையும் கிம்ச்சியையும் தவிர்க்க வேண்டும். சூப்பில் நெத்திலி, கிம்ச்சியில் உப்பிட்ட இறால் இருக்கிறது. டோஃபு, கீரை போன்றவற்றை அவர்களும் கேட்டுவிட்டே சாப்பிடலாம். ஞாயிறு விடுமுறை.

ஒன்றரை மணிக்கு மேல் பானை காலியானதும், அடியில் பிடித்த காந்தலில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிடுவார். 'சுங்ன்யுங்' என்று பெயர். விலைப் பலகையில் இருக்காது, நாமே கேட்க வேண்டும். நாலைந்து பேருக்குத்தான் வரும்.