13-இலிருந்து 11-க்கு: இழுவைக்காக மாற்றிய நான்கு இறக்கைப் புரொப்பெல்லர்

என்னிடம் இருப்பது 15 அடி நீளமுள்ள கண்ணாடியிழைப் படகு. அதன் பின்பலகையில் 50 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின் ஒன்று பூட்டப்பட்டிருக்கிறது. இருவர் அமர்ந்து செல்லும்போது அதைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால், நீர்ச்சறுக்குக்காகக் கயிற்றைப் பிடித்தபடி நீருக்குள் குந்தியிருக்கும் ஒருவரைப் பலகையின் மேல் எழுப்பிவிட வேண்டும் என்றால் கதை மாறிவிடும்: படகின் அணியம், அதாவது முன்முனை, வானத்தைப் பார்க்கும், எஞ்சின் முனகும், பின்னால் இருப்பவர் நெஞ்சளவு நீரைத் தள்ளிக்கொண்டே வந்து கடைசியில் கயிற்றை விட்டுவிடுவார். இந்தக் குறையைத் தீர்க்க, எஞ்சினுடன் வந்த 13 பிட்ச் மூன்று இறக்கைப் புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, 11 பிட்ச் கொண்ட நான்கு இறக்கை அலுமினியப் புரொப்பெல்லரை வாங்கிப் பொருத்தினேன். ஒரு பருவம் முழுவதும் பயன்படுத்திய பிறகே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

பிட்ச் என்பது, புரொப்பெல்லர் ஒருமுறை சுழன்றால், நழுவல் சிறிதும் இல்லாதபோது, எத்தனை அங்குலம் முன்னேறும் என்பதற்கான அளவு. மேட்டில் சைக்கிள் மிதிப்பவர் கியரைக் குறைத்துக்கொள்வதைப் போன்றதுதான் பிட்சைக் குறைப்பதும். ஒவ்வொரு சுற்றுக்கும் செல்லும் தூரம் குறைகிறது, எஞ்சின் சுமை குறைந்து விரைவாகச் சுற்றேறி, தன் முழுத் திறனும் கிடைக்கும் நிலையை எட்டுகிறது. ஓர் அங்குலம் குறைத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 முதல் 200 சுற்றுகள் கூடும் என்பது பொதுவான கணக்கு. நான்காவது இறக்கை அதில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். என் எஞ்சினின் கையேடு முழு வேகத்தில் 5,000 முதல் 6,000 சுற்றுகள் வரை இருக்க வேண்டும் என்கிறது. பழைய புரொப்பெல்லரில் இருவருடன் 5,400 வரை சென்ற எஞ்சின், புதியதில் 5,700-ஐத் தொட்டது. இந்தச் சோதனையைப் படகில் சுமை மிகக் குறைவாக இருக்கும்போதுதான் செய்ய வேண்டும். ஆட்கள் நிறைந்திருக்கும்போது பார்த்து நிறைவடைந்துவிட்டு, பின்னர் தனியாக ஓட்டுகையில் எஞ்சின் மேல் எல்லையைத் தாண்டிச் சுழன்றால், அந்தப் புரொப்பெல்லர் அந்த எஞ்சினுக்கு ஏற்றதன்று.

பயன் என்னவென்றால், ஓட்டுநர், பார்வையாளர், கயிற்றின் முனையில் பெரியவர் ஒருவர் என்ற சுமையோடு, படகு நீரின் மேல் எழுந்து சறுக்கத் தொடங்க முன்பு ஒன்பது விநாடி ஆனது. இப்போது ஆறு விநாடிதான் ஆகிறது. தாளில் மூன்று விநாடி சிறிதாகத் தெரியலாம். நீருக்குள் இழுபடுபவரின் முன்கையைக் கேட்டால் தெரியும். இதைவிடவும் நான் மெச்சுவது வேறொன்று: வளைவில் திரும்பும்போது பழைய புரொப்பெல்லர் மேற்பரப்புக் காற்றை இழுத்துக்கொண்டு பிடிப்பை இழக்கும், எஞ்சின் வீணாக அலறும், கயிறு தொய்யும். நான்கு இறக்கைகள் அப்படி எளிதில் பிடிப்பை விடுவதில்லை. தாழ்ந்த வேகத்திலும் படகு மூழ்கித் தவிக்காமல் சறுக்குநிலையிலேயே நிற்பதால், சிறுவர்களை மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் சீராக இழுக்க முடிகிறது.

புரொப்பெல்லர் வந்த பெட்டியின் மேல், வேகத்தையும் கூட்டும் என்று அச்சிட்டிருந்தார்கள். அது உண்மையன்று. ஜிபிஎஸ் கணக்குப்படி என் உச்ச வேகம் மணிக்கு 49 கிலோமீட்டரிலிருந்து 45-ஆகக் குறைந்தது; பிட்சைக் குறைத்தால் அப்படித்தான் ஆகும். இழுவைக்கு இந்த இழப்பு ஒரு பொருட்டல்ல. இரட்டைப் பலகையில் பெரியவரை இழுக்க 40 போதும்; இரு கால்களையும் ஒரே அகலப் பலகையில் வைத்து நிற்கும் வேக்போர்டுக்கு 30 முதல் 37 வரை; காற்றடைத்த டியூபுக்கு அதைவிடக் குறைவே நல்லது.

குறைகளும் உண்டு. இறக்கைகளின் முன்விளிம்பில் வண்ணப்பூச்சு ஒரே பருவத்தில் உரிந்துவிட்டது. அதைவிடப் பெரிய குறை, கூடவந்த வழிகாட்டித் தாள். பழைய புரொப்பெல்லரைக் கழற்றும்போது, தண்டின் முன்புறம் இருக்கும், தள்ளுவிசையைத் தாங்கும் வளையமான திரஸ்ட் வாஷர், புரொப்பெல்லரின் நடுக்குடத்தோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். அதை எடுத்து மறுபடியும் தண்டில் மாட்டாவிட்டால் புதிய புரொப்பெல்லரின் குடம் கியர் உறையில் உராயும். இதைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை. நானும் அந்த வாஷரைப் படகின் தரையிலிருந்துதான் தேடி எடுத்தேன். மற்றபடி பூட்டுவது அரைமணி நேர வேலை: எஞ்சின் தவறி இயங்கிவிடாதபடி பாதுகாப்புச் சாவிக் கயிற்றைக் கழற்றிவிட்டு, இறக்கைக்கும் அதற்கு மேலே எஞ்சினில் கிடையாக இருக்கும் மேல்தகட்டுக்கும் இடையே ஒரு மரக்கட்டையைக் கொடுத்து நட்டைத் திருக வேண்டும், தண்டில் நீர்புகாத கிரீஸ் பூசவும், நட்டு கழன்றுவிடாமல் காக்கும் புதிய பின்னைப் போடவும் மறக்கக் கூடாது.

இதற்கு முன் நான் செய்த ஒரு செலவையும் சொல்ல வேண்டும். எஞ்சினின் மேல்தகட்டில் நான்கு துளையிட்டு, சிறகு போன்ற ஹைட்ரோஃபாயில் ஒன்றைப் பொருத்தியிருந்தேன். அது பின்பகுதியைத் தூக்கி அணியத்தைத் தாழ்த்தும் என்பது உண்மைதான். ஆனால் புதிய புரொப்பெல்லர் வந்த பிறகு அதைக் கழற்றிப் பார்த்தபோது, புறப்பாட்டில் அரை விநாடிதான் மாறியது, திசைதிருப்புவதோ இலகுவாயிற்று. சிறகைக் கழற்றிவிடலாம், துளைகளை என்ன செய்வது?

அந்தப் பணம் வீண்; பின்னர் நான் செய்த இரண்டு வேலைகளுக்கோ செலவே இல்லை. பின்னிருக்கையின் கீழிருந்த எரிபொருள் தொட்டியையும் பேட்டரியையும் நடுப்பகுதிக்கு நகர்த்தியது ஒன்று. எஞ்சினை ஒரு போல்ட் துளை, அதாவது சுமார் 19 மில்லிமீட்டர், உயர்த்தி, மேல்தகடு படகின் அடிப்பாகத்துக்கு நேராக வரும்படி வைத்தது மற்றொன்று. உயர்த்திய பின், குளிர்விப்பு நீர் பின்னால் வழக்கம்போல் பீறிடுகிறதா என்று பல வேகங்களிலும் பார்த்தேன். மூன்று இறக்கையோடு இந்த உயரம் சரிப்பட்டிருக்காது. வளைவில் காற்றை இழுத்திருக்கும். புறப்படும்போது எஞ்சினை முழுதாக உள்ளே சாய்த்துவைத்து, படகு எழுந்ததும் சற்று வெளியே தள்ளும் பழக்கமும் சேர்ந்தால்தான் இந்தப் புரொப்பெல்லரின் முழுப் பயன் தெரியும்.

தன் எஞ்சின் ஏற்கெனவே மேல் எல்லையில் சுழல்கிறவர் இதை வாங்க வேண்டாம். ஆண்டில் ஓரிரு முறை மட்டும் இழுவைக்குப் போகிறவருக்கும் இது தேவையில்லை. வாரந்தோறும் கயிறு கட்டுகிறவர் தயங்காமல் வாங்கலாம். என் பழைய 13 பிட்ச் புரொப்பெல்லர் ஒரு நட்டு, இரண்டு பின்களோடு இருக்கைக்கு அடியில் கிடக்கிறது. யாரையும் இழுக்காமல் தொலைவு செல்லும் நாட்களில் அதையே மாட்டிக்கொள்கிறேன்.