வீட்டு ஃபயர்வாலுக்கு ஒரு சிக்கனப் பெட்டி: ஐந்தாண்டு அனுபவம்

எங்கள் வீட்டுக்கும் இணையத்துக்கும் நடுவில் நின்று போக்குவரத்தை வடிகட்டும் தனி ஃபயர்வால் வேண்டும் என்ற எண்ணம், வாசலிலும் மாடியிலும் நான்கு கேமராக்களை மாட்டிய பிறகுதான் வந்தது. 2016-இல் மிராய் என்ற தீநிரல், கடவுச்சொல் மாற்றப்படாத இத்தகைய கேமராக்களையும் காட்சிகளைப் பதிவு செய்யும் டி.வி.ஆர். பெட்டிகளையும் ஏராளமாகக் கைப்பற்றி, இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித்தரும் டி.என்.எஸ். சேவையை நடத்திய டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கப் பயன்பட்டதை நான் மறக்கவில்லை. இணைய இணைப்போடு வந்த ரவுட்டரில் கேமராக்களைத் தனி வலையமைப்பாகப் பிரிக்க வழியில்லை. ஆகவே, கட்டணமின்றிக் கிடைக்கும் ஓபிஎன்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருளை நிறுவ முடிவு செய்தேன். அதை எந்த வன்பொருளில் நிறுவுவது என்பதற்குச் சரியான விடை கிடைக்க இரண்டு முறை பணம் செலவழிக்க வேண்டியிருந்தது.

முதலில் சென்னை ரிச்சி தெருவில், அலுவலகப் பயன்பாட்டிலிருந்து கழிக்கப்பட்ட மேசைக் கணினி ஒன்றை வாங்கினேன். அதன் மதர்போர்டிலேயே இருந்த நெட்வொர்க் போர்ட், பெரிய கோப்பு எதையாவது பதிவிறக்கும்போது 'வாட்ச்டாக் டைம்அவுட்' என்று பதிவேட்டில் எழுதிவிட்டுச் சில நொடிகள் செத்துப்போகும். பழைய இன்டெல் இரட்டைப் போர்ட் கார்டு ஒன்றைச் செருகியபின் அந்தத் தொல்லை அடியோடு நின்றது. ஓபிஎன்சென்ஸ் போல ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் அடிப்படையிலான மென்பொருளை நிறுவப் போகிறவர்கள் பிராசசரைப் பார்ப்பதற்கு முன் நெட்வொர்க் சிப்பைப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அந்தக் கணினி உழைத்தது. ஆனால் மின்சாரத்தைத் தின்றது. மின் அளவியைச் செருகிப் பார்த்தபோது, சும்மா இருக்கும் வேளையிலும் 38 வாட் காட்டியது. அப்படியென்றால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 55 யூனிட். தமிழ்நாட்டின் இருமாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் கூடுதல் விகிதம் விழும் என்பதால், எல்லையில் நிற்கும் குடும்பத்துக்கு இந்த 55 யூனிட் சிறிய விஷயமல்ல. வாங்கும்போது மிச்சப்படுத்திய பணம் மின்கட்டணத்தில் போய்க்கொண்டிருந்தது.

ஒன்றரை ஆண்டுக்குப் பின், விசிறியில்லாத சிறு பெட்டிக்கு மாறினேன்: செலரான் ஜே4125 பிராசசர், நான்கு இன்டெல் ஐ225-வி போர்ட்டுகள், 8 ஜிபி ரேம். இது 11 வாட்டில் ஓடுகிறது. இரண்டு மாதத்துக்கு 16 யூனிட். என்னுடைய 300 எம்பிபிஎஸ் இணைப்புக்கு இது தாராளமாகப் போதும். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பிபிபிஓஇ வகை இணைப்பில் வரும் தரவுப் பொட்டலங்கள் ஃப்ரீபிஎஸ்டியில் பொதுவாக பிராசசரின் ஒரே கோரின் தலையில்தான் விழும், நான்கு கோர் இருந்தாலும் மற்ற மூன்றும் வேடிக்கைதான் பார்க்கும். ஒரு ஜிகாபிட் பிபிபிஓஇ இணைப்பு வைத்திருப்பவர்கள், கோர்களின் எண்ணிக்கையை விட்டுவிட்டு ஒற்றைக் கோரின் வேகத்தைக் கவனித்து, 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை எட்டும் இன்டெல் என்100 போன்ற பிராசசர் உள்ளதை வாங்குவது நல்லது.

முதல் மே மாதத்தில் பெட்டியின்மேல் கை வைக்க முடியவில்லை. அறையில் ஏசி இல்லை. பிராசசர் வெப்பம் 80 டிகிரியைத் தாண்டியிருந்தது. அடிப்பக்கத் திருகுகளைக் கழற்றித் திறந்தேன். பிராசசருக்கும் அலுமினிய உறைக்கும் நடுவிலிருந்த செப்புக் கட்டையில், வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்புபோல் காய்ந்து ஓர் ஓரத்தில் மட்டும் ஒட்டியிருந்தது. மற்ற இடமெல்லாம் வெறும் செம்பு பளபளத்தது. துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவி, பெட்டியைச் சுவரில் செங்குத்தாக மாட்டியதும் வெப்பம் 62 டிகிரிக்கு இறங்கியது. அதன்பின் மூன்று கோடைகளில் ஒருமுறைகூட அது என்னைக் கவலைப்படுத்தவில்லை. விசிறியில்லாப் பெட்டிக்கு உறைதான் விசிறி; ஆகவே புதிதாக வாங்கியவுடனேயே ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

பெட்டியோடு வந்த பெயரறியா எஸ்எஸ்டி சேமிப்பகம் பதினான்காம் மாதத்தில் செயலிழந்தது. ஃபயர்வாலின் அமைப்புக் கோப்பின் நகலை மடிக்கணினியில் வைத்திருந்ததால், வேறொரு எஸ்எஸ்டியைப் பொருத்தி முக்கால் மணி நேரத்தில் வீட்டு இணையத்தை மீட்டுவிட்டேன். ரேமும் எஸ்எஸ்டியும் இல்லாத வெறும் பெட்டியை வாங்கி, அவற்றை நாமே தேர்ந்து போடுவதுதான் சரி.

ஊடுருவலைக் கண்டறியும் சூரிகாட்டா என்ற மென்பொருளைச் சில மாதம் ஓட்டிவிட்டு நிறுத்தினேன். வீட்டுப் போக்குவரத்தில் பெரும்பகுதி மறைகுறியாக்கப்பட்டிருப்பதால் அதற்குக் கிடைக்கும் காட்சி குறைவு, சுமையோ அதிகம். கேமராக்களைத் தனி வி.லேனில், அதாவது அதே கம்பிகளின்மேல் பிரித்தமைத்த தனி வலையமைப்பில், அடைத்து, அவை வெளியே பேசுவதைத் தடுக்கும் ஒற்றை விதி அதைவிட உருப்படியான காவல். அந்த விதியைப் போட்ட அன்றிரவே, கேமராக்களில் ஒன்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை வெளிநாட்டு முகவரி ஒன்றைத் தட்டிக்கொண்டிருந்தது பதிவேட்டில் வரிவரியாகத் தெரிந்தது. இதற்கு வி.லேன் தெரிந்த ஸ்விட்ச் ஒன்றும் வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர் மட்டும் போதவில்லை. அது மாறும் கணத்தில் பெட்டி அணைந்து மீண்டும் எழும். பெட்டியும் ஃபைபர் முனையப் பெட்டியும் 12 வோல்ட்டில் ஓடுவதால், இரண்டு வெளியீடுகள் கொண்ட 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றை இடையில் வைத்திருக்கிறேன். வாங்கும்போது அடாப்டரில் அச்சிட்டுள்ள ஆம்பியர் அளவைப் பாருங்கள். ரவுட்டருக்கென விற்கப்படும் 2 ஆம்பியர் யுபிஎஸ்ஸில் என் பெட்டி சும்மா இருக்கையில் ஓடியது. துவங்கும்போது மட்டும் பாதியில் அணைந்தது.