கிளப்புக்கு ஆர்ச்சரா, செஸ்னா 172ஆ? லாக்புக்தான் முடிவு சொல்லும்

நான்கு இருக்கை, ஒற்றை இன்ஜின், மடங்காத சக்கரம். நீண்ட தூரம் போய்வர ஒரு பழைய விமானம் வேண்டும் என்று ஃப்ளையிங் கிளப் தேடத் தொடங்கினால், பேச்சு கடைசியில் பைப்பர் ஆர்ச்சரிலும் செஸ்னா 172இலும்தான் வந்து நிற்கும். டயமண்ட் டிஏ40 பெயரையும் யாராவது எடுப்பார்கள். எங்கள் கிளப் எடுத்தது ஆர்ச்சர். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வோம். ஆனால் எந்த ஆர்ச்சர் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதைச் சொல்வது லாக்புக், அதாவது விமானத்தின் பராமரிப்புப் பதிவேடு.

எல்லோருக்கும் தெரிந்த வித்தியாசங்களைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். 172இல் இரண்டு பக்கமும் கதவு. இறக்கை மேலே இருப்பதால் எரிபொருள் தானாக இறங்கும். இரண்டு டேங்கையும் ஒன்றாகத் திறந்து வைக்கலாம். ஆர்ச்சரில் வலப்பக்கம் மட்டும் ஒரு கதவு. டேங்கைப் பைலட்தான் மாற்ற வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை மாற்றும் பழக்கம் இல்லையென்றால், ஒரு டேங்க் நிறைய எரிபொருள் இருக்கும்போதே இன்ஜின் நின்றுபோகும். புதிதாகச் சேருபவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சுமக்கும் எடையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஆர்ச்சர் முந்துவது தூரத்தில். 1980களின் 172பி (172P) வகைக்கு 160 குதிரைத்திறன், ஆர்ச்சருக்கு 180. வேகம் சுமார் 10 நாட் (மணிக்கு 18 கி.மீ.) கூடுதல். பயன்படும் எரிபொருள் 182 லிட்டர். மணிக்கு 38 லிட்டர் என்று கணக்கு வைத்தால், ஒரு மணி நேர இருப்பு போக மூன்றரை மணி நேரத்துக்கு மேல் கையில் இருக்கும். எரிபொருள் நிரப்ப ஏணியும் தேவையில்லை.

இனி ஸ்பார், அதாவது இறக்கையைத் தாங்கும் முதன்மைத் தூலம். 2018இல் ஆர்ச்சரின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பைப்பர் பிஏ-28ஆர்-201 பயிற்சி விமானத்தின் இறக்கை உலோகச் சோர்வால் நடுவானில் கழன்றது. அதன் தொடர்ச்சியாக 2021இல் அமலுக்கு வந்த அமெரிக்க உத்தரவு (2020-26-16) பிஏ-28 வகைகள் பலவற்றைக் கட்டுப்படுத்துகிறது. ஆர்ச்சரும், அதாவது பிஏ-28-181உம், அதில் அடக்கம். மொத்தம் எத்தனை மணி நேரம் பறந்தது என்பதை மட்டும் அது பார்ப்பதில்லை. பயிற்சிக்கோ வாடகைக்கோ விடும் விமானத்துக்கு 100 மணிக்கு ஒருமுறை செய்யும் பரிசோதனைகள் எத்தனை நடந்தன என்று எண்ணச் சொல்கிறது. அந்த எண்ணை 100ஆல் பெருக்குங்கள். மொத்த மணியில் அதைக் கழித்து, மிச்சத்தை 17ஆல் வகுத்துக் கூட்டுங்கள். விடை 5,000ஐ எட்டினால் ஸ்பார் போல்ட் துளைகளைப் பரிசோதித்தாக வேண்டும்.

8,000 மணி பறந்த இரண்டு ஆர்ச்சர்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று பயிற்சிப் பள்ளியில் இருந்தது, 60 பரிசோதனை: 6,000 + 118 = 6,118. இன்னொன்று தனியாரிடம் இருந்தது, 10 பரிசோதனை: 1,000 + 412 = 1,412. பெயின்ட்டும் சீட்டும் புத்தம் புதிதாக மின்னுவது பெரும்பாலும் முதலாவதாகத்தான் இருக்கும். பள்ளி விமானத்தைக் கணக்கு இப்படித் தனியாகப் பிடிப்பதற்குக் காரணம் எளிது: பள்ளி விமானம் நாள் முழுக்க இறங்கி ஏறும், தாழ்வாகப் பறந்து காற்றின் உலுக்கலை வாங்கும், ஸ்பார் களைப்பது அதனால்தான்.

ஆகவே விலை பேசும் முன் லாக்புக்கை முதல் பக்கத்திலிருந்து புரட்டி, 100 மணிப் பதிவுகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். இடையில் ஒரு புத்தகம் காணோம் என்றாலே ஸ்பார் பரிசோதனை கட்டாயமாகிவிடும். பழைய ஸ்பார் ஒன்றை வாங்கி மாட்டியிருந்தாலும் உத்தரவுக்குள் வந்துவிடும். ஸ்பார் பரிசோதனை என்பது இறக்கை அடியில் வெளிப்பக்க போல்ட்கள் இரண்டைக் கழற்றி, துளையின் உட்சுவரை எடி கரண்ட் கருவியால் (சுழல் மின்னோட்டத்தால் விரிசலைக் காட்டும் கருவி) பார்ப்பது. கழற்றும்போது துளையில் கீறல் விழுந்தால் அதுவே புதுத் தலைவலி. அனுபவம் உள்ளவர் கையில் மட்டும் கொடுங்கள். விரிசல் தெரிந்தால் ஸ்பாரை மாற்றாமல் பறக்க முடியாது. டேங்குக்குப் பின்னால் மறைந்திருக்கும் ஸ்பார் பகுதியில் துரு இருக்கிறதா என்பதும் டேங்கைக் கழற்றினால்தான் தெரியும். அது கடைசியாக எப்போது நடந்தது என்று கேளுங்கள்.

வாங்கிய பிறகும் கணக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும். விடை 4,600இல் நிற்கும் விமானத்தைப் பயிற்சிக்கும் விட்டால், நான்கே பரிசோதனையில் 5,000. பயிற்சிக்கு வேறு விமானம் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

172க்கு இந்தக் கவலை இல்லை. அதன் தொல்லைகள் வேறு. சீட் தண்டவாளத் துளை தேய்ந்தால் விமானம் மேலெழும் வேளையில் சீட் பின்னால் சறுக்கும். அதனால் 100 மணிக்கு ஒருமுறை பார்த்தாக வேண்டும். மூக்குச் சக்கரத்தில் அடித்து இறங்கிய விமானத்தில் ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகடு) மடிந்திருக்கும். கீழ்ப்பகுதியில் டார்ச் அடித்துத் தேடுங்கள். 172என் (172N) வகை என்றால் இன்ஜின் ஓ-320-எச்2ஏடியா என்று பாருங்கள். வால்வுகளைத் திறக்கும் பாகங்களான கேம், லிஃப்டர் தேய்மானத்துக்குப் பெயர்போனது அது.

கேம் பிரச்சினை ஆர்ச்சரின் ஓ-360 இன்ஜினுக்கும் உண்டு. இவற்றைச் செய்யும் லைகமிங் கம்பெனியின் இன்ஜின்களில் கேம்ஷாஃப்ட் மேலே இருக்கிறது. வாரக்கணக்கில் நின்றால் எண்ணெய் வடிந்து துரு ஏறும். ஓவர்ஹாலுக்கு (முழுதாகப் பிரித்துச் சீரமைக்க) 2,000 மணி அல்லது 12 ஆண்டு என்பது கம்பெனி சொல்லும் வரம்பு. நின்றே கிடந்த 400 மணி இன்ஜினைவிட வாராவாரம் பறந்த 1,400 மணி இன்ஜினை நம்பலாம். 50 மணிக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றும்போது ஃபில்டரை வெட்டித் திறந்து உலோகத்தூள் தேடுங்கள். தரையில் பத்து நிமிடம் ஓட்டி அணைப்பது ஈரத்தைத்தான் கூட்டும்.

டிஏ40 என்ஜி பற்றி எங்களுக்குக் கை அனுபவம் குறைவு. ஜெட் ஏ1 எரிபொருளில் ஓடுவதும் எரிபொருள் குறைவாகக் குடிப்பதும் நிஜமான லாபம். அவ்கேஸ் (மற்ற இரண்டும் குடிக்கும் விமானப் பெட்ரோல்) கிடைக்காத இடத்தில் அதுவே முடிவையும் செய்துவிடும். ஆனால் கியர்பாக்ஸ், கணினிக் கட்டுப்பாடு, கலப்பு இழை உடல் மூன்றுக்கும் அதற்கென்று பயிற்சி பெற்ற பட்டறை வேண்டும். அப்படி ஒன்று எட்டும் தூரத்தில் இல்லாத கிளப் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.