ஆஸ்கர் லைவ் என்று சொல்லி 3,800 ரூபாய் வாங்கிக்கொண்டு ஏமாற்றினார்கள்: கோவை மக்களே, உஷார்

கொஞ்சம் ஆத்திரம் அடங்கட்டும், அப்புறம் எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அதே இடத்தில் ஐபிஎல் மேட்ச் ஸ்கிரீனிங்குக்கு முன்பதிவு ஆரம்பம் என்று இன்று ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறார்கள். இனி பொறுப்பதாக இல்லை. பெயரைப் போடவில்லை, போட்டால் கேஸ் போடுவோம் என்று ஏற்கெனவே மிரட்டியாகிவிட்டது. கோவையில் ஒரு மொட்டை மாடி கஃபே, இப்போதைக்கு அவ்வளவுதான்.

2023 மார்ச் 13, திங்கட்கிழமை. நம் நேரப்படி காலை 5.30க்கு ஆஸ்கர் விழா. பெரிய திரையில் லைவ், கூடவே டிபன், காபி, ஆளுக்கு 950 ரூபாய் என்று விளம்பரம் செய்தார்கள். நான், மனைவி, மகள், அம்மா. நான்கு பேருக்கு 3,800 ரூபாய்.

வீட்டில் டிவி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் அம்மா கூடலூரில் பிறந்து வளர்ந்தவர். முதுமலையில் உள்ள தெப்பக்காடு யானைகள் முகாமில் யானைகளுக்கு ராகியும் கொள்ளும் வெல்லமும் சேர்த்துக் கவளம் கவளமாக ஊட்டுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' ஆவணக் குறும்படப் பிரிவில் போட்டிக்குப் போயிருக்கிறது என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. பொம்மனும் அவர் மனைவி பெள்ளியும் ரகு என்ற யானைக்குட்டியை வளர்க்கும் அந்தப் படத்தில் பேசுவது தமிழ். நம் காட்டு மனிதர்கள், நம் பேச்சு. லாஸ் ஏஞ்சல்ஸ் டால்பி தியேட்டரில் அந்தப் பெயரைக் கூப்பிடுவதை நாலு பேரோடு உட்கார்ந்து பெரிசாகப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. 'ஆர்ஆர்ஆர்' படத்தின் 'நாட்டு நாட்டு' பாட்டு மகளின் ஆசை.

முன்கூட்டியே நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தேன். ராத்திரி எட்டு மணி. திரையைப் போட்டுக் காட்டினார்கள், பளிச்சென்று இருந்தது. "அம்மாவுக்கு முன்னாடி சோபா போட்டுடறேங்ணா. நெட்டு ரெண்டு லைன் இருக்குதுங்க, ஒண்ணு போனாலும் இன்னொண்ணு ஓடும். ஒரு செகண்டு மிஸ் ஆகாதுங்ணா" என்றார் அங்கே பொறுப்பில் இருந்தவர். அம்மாவுக்கு முட்டிவலி என்றேன். படியேற நானே கைப்பிடித்துக் கூட்டிப்போகிறேன் என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அங்கேயே ஸ்கேன் செய்து 3,800 ரூபாயை அனுப்பினேன். ரசீது கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் ஒரு கைகூப்பும் ஸ்டிக்கர் வந்தது.

திங்கட்கிழமை விடியற்காலையில் படிக்கட்டில் விளக்குகூட இல்லை. கைப்பிடிக்க ஒருவரும் வரவில்லை. முன்வரிசை சோபாவில் அவர்களுடைய சொந்தக்காரர்கள். ஒரு பையன் தன் போனை ப்ரொஜெக்டரில் மாட்டிவிட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தான். முறையான சந்தாவே கிடையாது! யாரோ ஃபேஸ்புக்கில் திருட்டுத்தனமாக ஓட்டிய லைவ், ஓரத்தில் கமெண்டுகள் ஓடிக்கொண்டே இருந்தன. அது அடைபட்டதும் வேறொன்று, அப்புறம் வேறொன்று. நடுவில் அந்தப் பையனுக்கு அவன் அம்மாவிடமிருந்து போன் வந்தது. அதுவும் திரையில் தெரிந்தது.

வெயில் ஏறியதும் மிச்சமும் போயிற்று. திறந்த மாடி, கிழக்குப் பக்கம் மெல்லிய துணித் திரை. ஏழு மணிக்கெல்லாம் படம் வெளுத்து, வெறும் வெள்ளைத் துணிதான் தெரிந்தது. இந்த இடத்தில் காலையில் ப்ரொஜெக்டர் ஓடாது என்பது அங்கேயே தினமும் இருப்பவர்களுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் விற்றிருக்கிறார்கள்.

விருது அறிவித்தபோது எங்கள் முன்னால் வெளுத்த திரையில் மங்கலாக லோடிங் வட்டம்தான் சுற்றிக்கொண்டிருந்தது. பின் மேசையில் ஒருவர் தன் போனைப் பார்த்து "யானைப் படம் வாங்கிடுச்சு!" என்று கத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து, "எங்கடா, காட்டவே இல்லையே" என்றார். இந்தியத் தயாரிப்பு ஒன்று ஆஸ்கர் வாங்கியது அதுதான் முதல்முறை. அந்த நிமிஷத்தை எந்தக் கஃபே திருப்பித் தரும்?

வீட்டுக்கு வந்து துண்டு துண்டாகப் பார்த்தோம். யானைப் படத்தை இயக்கிய ஊட்டிப் பெண் கார்த்திகி கொன்சால்வஸ் மேடையில் பேசியதைக் கேட்டு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தயாரிப்பாளர் குனீத் மோங்கா வாயைத் திறக்கப் போகும்போது இசையைப் போட்டு அனுப்பிவிட்டார்கள், அதற்கும் எனக்குக் கோபம் வந்தது. 'நாட்டு நாட்டு' இசையமைப்பாளர் கீரவாணி பாடியே நன்றி சொன்னதை மகள் திரும்பத் திரும்பப் போட்டாள். எல்லாம் ஆறு அங்குல போனில். இதற்கா 3,800 ரூபாய்?

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பேச்சே மாறிவிட்டது. முதலில் "நெட்டு பிராப்ளம்ங்க, நாங்க என்ன பண்றது". அந்த ரெண்டாவது லைன் எங்கே என்றால் பதில் இல்லை. அப்புறம் "டிபன் சாப்டீங்கல்லங்க?" ஆறிப்போன இரண்டு இட்லி, ஒரு வடை, அதுதான் 950 ரூபாய் டிபனாம். அப்புறம் ஓனர் ஊரில் இல்லை. அப்புறம் "ஐபிஎல்லுக்கு ஃப்ரீ பாஸ் தர்றோம், விட்ருங்க". எனக்குப் பாஸ் வேண்டாம், 3,800 ரூபாய் வேண்டும் என்றேன். "பெரிய மனுஷனாட்டம் இருக்கறீங்க, இந்தக் காசுக்குப் போயி..." என்று இழுத்தார்கள். கூகுளில் விமர்சனம் எழுதப்போகிறேன் என்றதும் கேஸ் மிரட்டல். இப்போது என் நம்பரை பிளாக் செய்தாயிற்று.

நேற்று முதல்வர் ஸ்டாலின் பொம்மனையும் பெள்ளியையும் அழைத்து ஆளுக்கு 1 லட்சம் ரூபாய் கொடுத்ததை டிவியில் காட்டினார்கள். சந்தோஷப்பட வேண்டிய வீட்டில் அந்தக் கஃபே பேச்சுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

எப்படி ஜாக்கிரதையாக இருப்பது என்று விரிவாகச் சொல்லத்தான் நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. லைவ் என்று யார் விற்றாலும், எந்தச் சேவையில், யாருடைய சந்தாவில் ஓட்டப்போகிறீர்கள் என்று கேளுங்கள். மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள். நிகழ்ச்சி நடக்கும் நேரத்திலேயே போய்த் திரையைப் பாருங்கள். க்யூஆரில் கடைப் பெயர் வராமல் தனி ஆள் பெயர் வந்தால் நிறுத்துங்கள். ஓடாவிட்டால் பணம் வாபஸ் என்று எழுதி வாங்குங்கள். ஏமாந்தால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.

நான் அங்கே புகார் கொடுத்துவிட்டேன். அன்று காலை அந்த மாடியில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காமல் நீங்களும் புகார் கொடுங்கள். வெளுத்த திரையை போட்டோ எடுத்தவர்கள் இருந்தால் எனக்கு அனுப்புங்கள்.