லம்ப் சம்மா, ஒன் டைம் செட்டில்மென்ட்டா?

மன்னார்குடிப் பக்கம் சம்பா அறுவடை முடிந்து நெல் பணம் கைக்கு வந்ததும், டிராக்டர் கடனை ஒரேயடியாகக் கட்டிவிட நினைப்பவர்கள் வங்கிக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வருவார்கள். பாதிப் பேர் கேட்பது, "தம்பி, ஒன் டைம் செட்டில்மென்ட்னு போடு."

அங்கேதான் ஆபத்து. லம்ப் சம் என்றால் தவணையாக இல்லாமல் மொத்தமாக ஒரே தடவையில் தரும் தொகை, அவ்வளவுதான். ஒத்திக்கு நிலம் வாங்கும்போது கொடுக்கிறோமே, அந்த மாதிரி. ஒன் டைம் செட்டில்மென்ட் வேறு. கட்ட முடியாமல் நிலுவையில் நிற்கும் கடனை, பாக்கியைக் குறைத்து வாங்கிக்கொள்ளும்படி வங்கியோடு செய்யும் சமரசம் அது. அப்படி முடித்தால், நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'குளோஸ்டு' என்று வராது, 'செட்டில்டு' என்றுதான் பதியும். அடுத்த கடனுக்குப் போகும்போது அது உறுத்தும். முழுசாகக் கட்டுகிற மனுஷனுக்கு எதற்கு அந்தக் கறை?

எழுத்துக்கு வருவோம். லம்ப், சம் இரண்டும் தனித்தனிச் சொற்கள். மியூச்சுவல் ஃபண்ட் படிவங்களில் சேர்த்தே அச்சடிக்கிறார்கள். கடிதத்தில் பிரித்து எழுதுவதே சரி. பேமென்ட் என்ற சொல்லுக்கு முன்னால் வந்தால் மட்டும் நடுவில் ஒரு சிறு கோடு. அப்புறம், சம் என்பதற்கு எஸ், யு, எம். காதில் ஒரே மாதிரி விழுவதால் எஸ், ஓ, எம், ஈ என்று எழுதிவிடுகிறார்கள். அதற்கு 'கொஞ்சம்' என்று பொருள்.