இலவச ஃபான்டை 1,800 ரூபாய்க்கு வாங்கினேன்

பலகாரக் கடை வைத்திருக்கும் ஒரு அக்காவுக்கு பாக்கெட் லேபிள் செய்யும் வேலை. "எழுத்து குண்டு குண்டா இருக்கணும் தம்பி, பிள்ளைங்க பார்த்ததும் கேக்கணும்" என்றார்.

டிசைனர்கள் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில், "சொந்த டிசைன், கமர்ஷியல் லைசென்ஸ் உண்டு, 1,800 ரூபாய்" என்று ஒருவர் ஒரு தமிழ் ஃபான்டின் சாம்பிள் படம் போட்டிருந்தார். முனையெல்லாம் மழுங்கி, கொழுக்கட்டை பிடித்து வைத்த மாதிரி எழுத்து. பார்த்ததுமே பிடித்துவிட்டது. ஜிபே பண்ணிவிட்டு, அந்தத் தொகையை அக்கா பில்லிலும் சேர்த்தேன்.

ஃபோட்டோஷாப்பில் 'முறுக்கு' என்று அடித்தேன். ம தனியாக நிற்கிறது, உகரக் குறி பக்கத்தில் தனியாகத் தொங்குகிறது. று, கு இரண்டும் அதே கதி. 'தேங்குழல்' என்று அடித்தால், முன்னால் வர வேண்டிய கொம்பு த-வுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. விற்றவரைக் கேட்டேன். "உங்க செட்டிங் சரியில்ல ப்ரோ." இந்திய எழுத்துகளை ஒழுங்காகக் கோக்கும் வேர்ல்டு ரெடி லேஅவுட் செட்டிங்கை ஆன் செய்துதான் வைத்திருந்தேன், அதே ஃபைலில் லதா, நிர்மலா என்ற மற்ற ஃபான்டுகள் ஒழுங்காக வந்தன. மு, று, கு எல்லாம் தமிழில் ஒட்டிப் பிறந்த தனி வடிவங்கள். எந்தக் குறி வந்தால் எந்த வடிவத்தை எடுக்க வேண்டும் என்று சொல்லும் ஜிசப் அட்டவணை ஃபான்டுக்குள் இருக்க வேண்டும். இதில் அது இல்லவே இல்லை.

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, சும்மா ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து டீடெய்ல்ஸ் பார்த்தேன். பெயரை மாற்றிய மனுஷன் காப்பிரைட் வரியை மறந்துவிட்டார்: பலூ 2 ப்ராஜெக்ட் ஆத்தர்ஸ். மும்பையில் இருக்கும் ஏக் டைப் என்ற ஃபான்ட் நிறுவனம் செய்த பலூ தம்பி 2! கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைப்பது. ஓபன் ஃபான்ட் லைசென்ஸ் என்பதால் லேபிள், போர்டு எதற்கும் காசில்லாமல் பயன்படுத்தலாம். ஃபான்டை மட்டும் தனியாக விற்கக் கூடாது. பெயர் மாற்றி சேவ் செய்ததில்தான் அட்டவணை தொலைந்திருக்கும். (நானும் யோக்கியன் இல்லை, ஒரு காலத்தில் கிராக் ஃபான்டில் பிழைத்தவன்தான். ஆனால் அதை யாருக்கும் விற்றதில்லை.)

அசலை இறக்கிப் போட்டதும் முறுக்கு முறுக்காகவே வந்தது. ஒன்று மட்டும்: பொடி எழுத்துக்கு இதன் தடித்த வெயிட் வேண்டாம், ண-வின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். பொருட்கள் பட்டியலுக்கு நான் வேறு ஃபான்ட் போட்டேன்.

தமிழ் ஃபான்டுக்குக் காசு கொடுக்கும் முன், சாம்பிள் படத்தை நம்பாமல் 'ஸ்ரீ, மு, கூ, ணு, கொ, ₹' என்று விற்பவரையே அந்த ஃபான்டில் அடித்து அனுப்பச் சொல்லுங்கள். டீடெய்ல்ஸ் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் கேளுங்கள்.

அக்காவிடம் விஷயத்தைச் சொல்லி 1,800 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். எனக்குத் திரும்பி வரவில்லை. ஆள் பிளாக் செய்துவிட்டார். நேற்று இன்னொரு குழுவில் அதே படம், வேறு பெயர், 'ஆஃபர் 999'.