மருத்துவக் காப்புறுதி எடுக்கப்போகும் திருமலை ஆட்களுக்கு

உப்புவெளிப் பக்கமும் டவுனிலும் இப்போது வீடு வீடாக ஒரு மருத்துவக் காப்புறுதித் திட்டம் விற்கிறார்கள். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளாகப் பார்த்துத்தான் வருகிறார்கள். எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தார்கள். கையொப்பம் வைக்க முன்னம் இதை ஒருக்கா வாசியுங்கள்.

போன வருசம் சித்திரையில், தம்பி கட்டாரிலிருந்து அனுப்பிய காசில் அம்மாவுக்கு எடுத்தோம். வருசத்துக்கு 78,000 ரூபாய். முகவர் தெரிந்த பொடியன், என்னோடு படித்தவளின் தம்பி. அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தா. "அன்ரி, நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க. இந்தக் கார்டைக் காட்டினாச் சரி, ஒரு சதமும் கட்டத் தேவையில்ல. வருசத்துக்கு ஒருக்கா ஃபுல் செக்கப்பும் சும்மா" என்றான்.

அம்மாவுக்குப் பத்து வருசமாகச் சீனி வருத்தம். ஆஸ்பத்திரிக் கிளினிக்கில்தான் மருந்து. கிளினிக் கொப்பியைச் சொப்பிங் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தா. அவன் அதைப் புரட்டிப் பார்த்ததை நான் பக்கத்தில் நின்று கண்டேன். "இது ஒரு பிரச்சினையுமில்ல, நான் போட்டுக்கொள்ளுறன்" என்று சொல்லி அவனே படிவத்தை நிரப்பினான். படிவம் முழுக்க இங்கிலிஷ். கடைசிப் பக்கத்தில் அம்மா தமிழில் கையொப்பம் வைத்தா. நான் அதை வாங்கி வாசித்திருக்க வேண்டும். தெரிந்த பொடியன் என்று விட்டுவிட்டேன்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி அம்மாவுக்கு வலது விலாவுக்குக் கீழே நோ. தோள்மூட்டு வரைக்கும் ஏறியது. சத்தி, குளிர் காய்ச்சல். 1990க்கு அடித்தோம், சுவசெரிய அம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. அதற்கு ஒரு சதமும் இல்லை. டவுன் ஆஸ்பத்திரியில் வார்ட்டில் நிப்பாட்டினார்கள். ஸ்கேனில் பித்தப்பைக் கல்லும் கிருமித் தொற்றும். மூன்றாம் நாள் நோ தணிந்தது. ஒப்பரேசனுக்குத் திகதி தருவதாகச் சொன்னார்கள். கார்டு இருக்கிறதுதானே, ஏன் காத்திருப்பான் என்று நாங்கள்தான் அவசரப்பட்டோம்.

துண்டு வெட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து அவர்கள் தந்த ஆஸ்பத்திரிப் பட்டியலை விரித்தேன். நாலு பக்கம். திருகோணமலை என்று ஒரேயொரு பெயர், பக்கத்தில் சின்ன நட்சத்திரக் குறி. பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில், அந்தக் குறிக்கு விளக்கம்: இரத்தப் பரிசோதனைக்கும் வெளிநோயாளர் கட்டணத்துக்கும் கழிவு மட்டும். அந்த இடத்துக்குப் போன் எடுத்துக் கேட்டேன். "கார்டுக்கு நாங்க ஆக்களை நிப்பாட்டுறேல்ல" என்றார்கள். கார்டைக் காட்டிப் படுக்கக்கூடிய ஆகக் கிட்டிய இடம் கண்டி. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை என்று வான் பிடித்துப் போனோம். குலுக்கலுக்கெல்லாம் அம்மா வயிற்றைப் பொத்திக்கொண்டு இருந்தா. கின்னியாவிலும் மூதூரிலும் இதே கார்டை வைத்திருப்பவர்களுக்கும் இதே அலைச்சல்தான்.

கண்டியில் கவுண்டரில் இருந்த பிள்ளை கார்டை வாங்கிக் கொம்பனிக்கு அனுப்பியது. இரண்டு மணித்தியாலம் கழித்துப் பதில்: மறுப்பு. அம்மாவுக்குப் பத்து வருசமாகச் சீனி என்று வைத்தியரின் குறிப்பில் இருக்கிறதாம், படிவத்தில் இல்லையாம், ஆகவே நாங்கள் உண்மையை மறைத்தோமாம். முற்பணம் 150,000 கேட்டார்கள். என் காப்பைக் கழற்றிக் கண்டியிலேயே அடகு வைத்தேன். முழுப் பில் 412,000.

படிவத்தின் பிரதி கேட்டு இரண்டு கடிதம் எழுதி, ஆறு கிழமை கழித்துத்தான் கிடைத்தது. நீரிழிவு என்ற வரிக்கு நேரே, 'இல்லை' என்ற கட்டத்தில் நீலப் பேனாவால் சரி போட்டிருந்தது. அதே நீலத்தில் கீழே அம்மாவின் கையொப்பம். அதைப் பார்த்து அம்மா அழுதா. பொய் சொன்ன மனிசி என்று கடதாசியில் தன் பெயர் நிற்கிறதே என்றுதான் அழுதா, காசுக்காக அல்ல.

பிறகு பத்திரம் முழுவதையும் ஒருவரைக்கொண்டு வாசிப்பித்தேன். பதினோராம் பக்கத்தில் பித்தப்பைக் கல், ஹேர்னியா, கண்புரை எல்லாவற்றுக்கும் முதல் 12 மாதம் ஒன்றும் தரமாட்டோம் என்று எழுதியிருக்கிறது. சித்திரையில் எடுத்தது, ஐப்பசியில் வருத்தம். படிவம் சரியாக இருந்திருந்தாலும் ஒப்பரேசனுக்குக் காசு வந்திராது. அறை வாடகைக்கும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று எல்லை. இதில் ஒன்றையும் எங்கள் வீட்டுத் திண்ணையில் அவன் சொல்லவில்லை.

அந்த 'சும்மா செக்கப்' கூப்பன் கொழும்பில்தான் செல்லும் என்று இங்குள்ள ஆய்வுகூடத்தில் திருப்பித் தந்தார்கள். அரச ஆஸ்பத்திரிகளில் இருக்கிற சுகவாழ்வு நிலையங்களில் 35 வயது தாண்டியவர்களுக்குச் சீனி, பிறஷர், உயரம், நிறை எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். அதற்காக யாரும் கார்டு வாங்கத் தேவையில்லை.

எடுக்கத்தான் போகிறீர்களென்றால் பட்டியலில் உள்ள திருமலை இடத்துக்கு நீங்களே போன் பண்ணி, "இந்தக் கார்டுக்கு வார்ட்டில நிப்பாட்டுவீங்களா, முற்பணம் கேப்பீங்களா" என்று கேளுங்கள். முகவர் சொல்வதை நம்பி நிற்காதீர்கள். தமிழ்ப் படிவம் கேளுங்கள். வருத்தங்களை உங்கள் கையால் எழுதி, கையொப்பம் வைத்த பக்கம் எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே போனில் படம் எடுங்கள். ஆயுள் காப்புறுதியோடு சேர்த்து விற்கிற திட்டமென்றால், பத்திரம் கைக்கு வந்து 21 நாளுக்குள் வேண்டாமென்று எழுதிக் கொடுக்கலாம். எங்களுக்கு அது தெரியவில்லை.

கொம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதினேன், அதே பதில்தான். இப்போது காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கிற ஒம்புட்ஸ்மனுக்கு எழுதியிருக்கிறேன். அதற்குக் கட்டணம் இல்லை, ஆனால் முதலில் கொம்பனிக்கு எழுதியிருக்க வேண்டும். காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் பிரதி போட்டிருக்கிறேன். கிளினிக் கொப்பியின் பக்கங்களும் இணைத்தேன். அவன் புரட்டிப் பார்த்த அதே பக்கங்கள். பதில் இன்னும் வரவில்லை.

படிவப் பிரதி கேட்டும் முறைப்பாட்டுக்கும் நான் எழுதிய கடிதங்கள் தமிழில் இருக்கின்றன. தேவையானவர்கள் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன்.